வால்நட்சத்திரத்தின் வெளிச்சத்தை அளந்தது: ஒரு பைனாகுலர், ஒரு பழைய கேமரா, ஒரு வேட்டி

2023 ஜனவரிக் கடைசியில் பேப்பர், டிவி, வாட்ஸப் எல்லாவற்றிலும் ஒரே பேச்சு: 50,000 ஆண்டுகளுக்குப் பிறகு பச்சை வால்நட்சத்திரம் வருகிறது, வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். அதன் பெயர் சி/2022 ஈ3 இசட்டிஎஃப். 2022 மார்ச் 2-ஆம் தேதி கலிஃபோர்னியாவின் பாலோமார் மலையிலிருந்து வானத்தை வாரிவாரிப் படமெடுக்கும் ஒரு கேமராவில் சிக்கியது. முதலில் சிறுகோள் என்றுதான் நினைத்தார்கள். 2023 ஜனவரி 12-ல் சூரியனுக்கு மிக அருகே வந்துவிட்டு, பிப்ரவரி 1-ல் பூமியிலிருந்து 0.28 வானியல் அலகு (ஒரு அலகு என்பது சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள சராசரி தூரம்), அதாவது ஏறக்குறைய 4 கோடியே 25 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் கடந்து போனது.

மொட்டைமாடியில் ஏறிப் பார்த்தவர்களில் பெரும்பாலானோர் திட்டிக்கொண்டே இறங்கினார்கள். அவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது: 'மேக்னிட்யூட் (வெளிச்ச அளவு) 5 என்று போட்டிருக்கிறான், 5-ல் இருக்கும் நட்சத்திரம் பைனாகுலரில் பளிச்சென்று தெரிகிறது, இந்தச் சனியன் மட்டும் ஏன் தெரியவில்லை?' அதோடு ஒரு ஆப் 5.2 என்கிறது, இன்னொன்று 6.4 என்கிறது, கோவையில் இருக்கும் நண்பர் கேமராவில் அளந்து 8 வருகிறது என்கிறார். மூன்றும் ஒரே இரவு, ஒரே வால்மீன். யார் சொல்வது சரி என்று வாட்ஸப்பில் சண்டை போடுவதை விட நாமே அளந்து பார்க்கலாம் என்றுதான் இதில் இறங்கினேன்.

இடம் தாராபுரத்துக்குப் பக்கத்தில் பெரியப்பாவின் தோட்டம். தென்மேற்கில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் மின்னிக்கொண்டே இருக்கும் என்பதைத் தவிர வானம் நல்ல இருட்டு. ஆனால் பிப்ரவரி 5 தைப்பூசம், முழுநிலா. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு நல்ல வெளிச்சம், எனக்கு ஒரு வேலையும் ஓடாது. அன்றைக்குத்தான் வால்மீன் கபெல்லா நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது, படமெடுக்க அழகான இடம், அளக்கத் துப்பில்லாத இரவு. நிலா தாமதமாக எழத் தொடங்கிய பிறகுதான், அதாவது 9, 10 தேதிகளிலிருந்து, ஏழரை மணிக்கு மேல் உருப்படியாக இரண்டு மணி நேரம் இருட்டு கிடைத்தது. அதற்குள் வால்மீன் செவ்வாய்க்குப் பக்கத்தில், ரிஷபத்துக்குள் வந்துவிட்டது.

எதை அளக்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முக்கால்வாசிக் குழப்பம் அங்கேதான். மேக்னிட்யூட் எண் கூடக் கூட வெளிச்சம் குறையும், ஒவ்வொரு எண்ணுக்கும் சுமார் 2.512 மடங்கு. இந்த விகிதத்தை 1856-ல் முன்வைத்தவர் நார்மன் போக்சன். அவர் பிறகு நம்மூருக்கே வந்து, 1861 முதல் 1891-ல் இறக்கும் வரை நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் வேலை பார்த்தார். அதற்கு முன்பே காணாமல்போயிருந்த பீலா வால்மீனை இந்தப் பக்கம் தேடிப் பாருங்கள் என்று 1872-ல் ஜெர்மனியிலிருந்து க்ளிங்கர்ஃப்யூஸ் என்ற வானியலாளர் தந்தி அடிக்க, போக்சன் டிசம்பர் 2, 3 தேதிகளில் நிஜமாகவே ஒரு வால்மீனைப் பிடித்துவிட்டார். அது பீலா இல்லை, வேறொன்று என்று பின்னால் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். வால்மீன் வெளிச்சத்தைக் கண்ணால் அளப்பவர்கள் இன்றைக்கும் போடுவது அவர் அளவுகோலைத்தான்.

நட்சத்திரம் புள்ளி. அதன் வெளிச்சம் மொத்தமும் ஓரிடத்தில் இருக்கிறது. வால்மீனின் தலையைச் சுற்றி இருக்கும் வாயுவும் தூசியும் சேர்ந்த மண்டலத்துக்குக் கோமா என்று பெயர், அது பரந்து கிடக்கிறது. ஒரு பிடி கோலமாவை ஒரே புள்ளியாகக் கொட்டினால் தெருமுனையிலிருந்து தெரியும், அதையே வாசல் முழுக்கத் தூவிவிட்டால் பக்கத்தில் வந்து குனிந்தால்தான் தெரியும், மாவு என்னவோ அதே ஒரு பிடிதான். மேக்னிட்யூட் என்பது அந்தப் பிடியின் அளவு. கணக்காகவே போட்டுப் பார்த்தேன்: 5.5 மேக்னிட்யூட் உள்ள ஒன்றை 20 வில்நிமிட அகலமுள்ள வட்டத்தில் பரப்பினால் (முழுநிலாவின் அகலம் 30 வில்நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்), ஒரு சதுர வில்நொடிக்கு (60 வில்நொடி ஒரு வில்நிமிடம்) சராசரியாக 20.6 வருகிறது. நல்ல கிராமத்து வானத்தின் இருட்டே ஏறக்குறைய அவ்வளவுதான். நகரத்தில் வானம் 18 இருக்கும், அதாவது பத்துப் பதினோரு மடங்கு பிரகாசம், அதற்கு மேல் இந்தப் பூச்சு கால்தூசி. மாடியில் ஏறித் திட்டியவர்கள் மேல் தப்பே இல்லை.

சரி, அளந்த விதம்.

கண்ணால் அளக்க 10x50 பைனாகுலர், அதாவது 10 மடங்கு உருப்பெருக்கம், 50 மி.மீ. லென்ஸ். வால்மீன் ஏழரை மணிக்குக் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் இருந்ததால் நின்றுகொண்டு பார்த்தால் கழுத்து போய்விடும். கயிற்றுக் கட்டிலை வெளியே இழுத்துப் போட்டு, மூங்கில் கழி ஒன்றில் பைனாகுலரைச் சைக்கிள் ட்யூப் துண்டால் இறுக்கிக் கட்டி, கழியின் அடி கட்டில் சட்டத்தில் முட்டுக்கொடுக்கிற மாதிரி வைத்துக்கொண்டேன். காசு செலவில்லாத ஏற்பாடு, ஆனால் கையில் பிடிப்பதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். கை ஆடினால் கோமாவின் ஓரம் போய்விடும், நடுவில் இருக்கும் பொட்டு மட்டும்தான் நிற்கும்.

புள்ளியையும் பரந்து கிடப்பதையும் எப்படி ஒப்பிடுவது? புள்ளியையும் பரப்பிவிட வேண்டியதுதான். இதில் மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. சிட்ஜ்விக் முறையில் வால்மீனை நல்ல ஃபோகஸில் பார்த்து, அதன் அகலத்தையும் சராசரி வெளிச்சத்தையும் மனதில் பிடித்துக்கொண்டு, பக்கத்து நட்சத்திரத்துக்குப் போய் அது அதே அகல வட்டமாக விரியும் வரை ஃபோகஸைக் கலைத்து, இரண்டையும் ஒப்பிட வேண்டும். பாப்ரோவ்னிகாஃப் முறையில் வால்மீன், நட்சத்திரம் இரண்டையும் சேர்த்தே கலைத்துவிட்டு ஒரே நேரத்தில் ஒப்பிடுவது. நடுவில் கூர்மையான பொட்டு உள்ள சிறிய வால்மீன்களுக்கு இது சௌகரியம், இந்த மாதிரிப் பெரிய கோமாவுக்கு ஒத்துவராது, ஓரம் கரைந்து எண் மங்கலாக வரும். மூன்றாவது மோரிஸ் முறை: வால்மீனைக் கொஞ்சமாகக் கலைத்து, நடுப்பொட்டு ஓரத்தோடு கலந்து சமமான ஒரு வட்டமாக ஆனதும் அதை மனதில் பிடித்து, பிறகு நட்சத்திரத்தை அந்த அளவுக்குக் கலைப்பது. நான் முதலில் சிட்ஜ்விக்கில் ஆரம்பித்து, நடுப்பொட்டு கண்ணை இழுத்துக்கொண்டே இருந்ததால் மோரிஸுக்கு மாறினேன். அப்புறம் மாற்றவே இல்லை, கடைசி வரை அதேதான்.

எந்த நட்சத்திரத்தோடு ஒப்பிடுவது என்பதில் கொஞ்சம் உஷார் வேண்டும். கபெல்லாவுக்குப் பக்கத்தில் கண்ணுக்கு உறுத்தாமல் ஒரு சின்ன முக்கோணம் இருக்கிறது, அந்த மூன்றில் இரண்டு, எப்சிலான், ஜீட்டா, மாறுவிண்மீன்கள். எப்சிலான் அதன் துணை மறைப்பதால் 27 ஆண்டுக்கு ஒருமுறை மங்குவது. கிரகணம் இல்லாத காலத்திலும் கொஞ்சம் ஏறி இறங்கும். அவற்றை அளவுகோலாக வைத்தால் கதை கந்தல். அழுத்தமான சிவப்பு நட்சத்திரங்களும் வேண்டாம், இருட்டில் கண்ணும் கேமராவும் சிவப்பை வெவ்வேறு விதமாக எடுத்துக்கொள்ளும், அது போதாதென்று சிவப்புப் புள்ளியை அதிக நேரம் முறைத்துப் பார்த்தால் அது பிரகாசம் கூடிக்கொண்டே போவது போல் வேறு தோன்றும். 10-ஆம் தேதிக்கு ரிஷபத்தில் நான் எடுத்துக்கொண்ட நட்சத்திரங்களும் அவற்றின் மேக்னிட்யூட்டும்: 104 டாரி (4.9), 103 டாரி (5.5), 98 டாரி (5.8). இவை வால்மீனிலிருந்து சில பாகைகளுக்குள், ஏறக்குறைய அதே உயரத்தில் இருந்தன. செவ்வாய் ஓரிரு பாகையில் நின்றுகொண்டு பைனாகுலருக்குள் எட்டிப்பார்த்துக்கொண்டே இருந்தது, அதை ஓரம்தள்ளி வைத்துக்கொண்டு பார்ப்பதே ஒரு வேலை.

ஒரு அளவீடு எப்படிப் போகும் என்று சொல்கிறேன். முதலில் இருபது நிமிடம் போனைத் தொடாமல் படுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் எல்லாம் வீண். வால்மீனைப் பார்க்கிறேன்: நடுவில் பொட்டு, சுற்றிலும் சாம்பல் நிறத்தில் ஒரு பரவல் (பச்சை எல்லாம் கேமராவுக்குத்தான், பைனாகுலரில் எனக்குத் தெரிந்தது வெறும் சாம்பல்). நேராகப் பார்த்தால் கோமா சின்னதாக இருக்கிறது. கடைக்கண்ணால் பார்த்தால் ஓரம் இன்னும் வெளியே நகர்கிறது, இன்னும் கொஞ்சம் பொறுத்தால் இன்னும் கொஞ்சம். எங்கே நின்றுவிட்டது என்று மனசு ஒப்புக்கொள்கிறதோ அதுதான் அகலம். அளவுக்கு ரோகிணிக்குப் பக்கத்தில் இருக்கும் தீட்டா 1, தீட்டா 2 ஜோடியை வைத்துக்கொண்டேன், அவற்றின் இடைவெளி 5.6 வில்நிமிடம்; கோமா அந்த இடைவெளியைப் போல மூன்று மடங்குக்குச் சற்று மேல், ஆக 18 என்று எழுதினேன். பிறகு நடுச் சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பி, பொட்டு கரைந்து வட்டம் சமமானதும் கண்ணை மூடிக்கொள்கிறேன். கழியை மெல்ல 104 டாரிக்கு நகர்த்தி, நட்சத்திரம் அதே அகலத்துக்கு விரியும் வரை சக்கரத்தைத் திருப்புகிறேன். 4.9 நட்சத்திரம் விரிந்து விரிந்து ஒரு மங்கலான தட்டாக ஆகிறது, ஆனாலும் வால்மீனை விடத் தெளிவாகப் பிரகாசம் கூட. 98-க்குப் போனால் தட்டு இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி, வால்மீனை விட ஒரு இழை மங்கல். திரும்ப வால்மீன், திரும்ப 103. 103-க்கும் 98-க்கும் நடுவில், 98 பக்கம் சாய்ந்து. 5.7 என்று நோட்டில் ஏறியது.

இதில் பெரிய வில்லன் எதிர்பார்ப்பு. ஆப்பில் எண்ணைப் பார்த்துவிட்டு வந்து படுத்தால் கண் அந்த எண்ணையே தேடிக் கண்டுபிடித்துவிடும். அதனால் பெரியப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டேன். அவருக்கு மேக்னிட்யூட்டும் தெரியாது, ஆப்பும் தெரியாது. "இதுல எது வெளிச்சம் ஜாஸ்திங்க பெரியப்பா?" என்று மட்டும் கேட்பேன், கலைத்த நட்சத்திரத்தை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டி. "ஏங்கண்ணு, ரெண்டும் மசமசன்னுதான் இருக்குது... மொதல்ல காட்டுனது ஒரு பொடி கூட" என்பார். அந்த 'ஒரு பொடி'யை வைத்தே கணக்குப் போட்டால் என் எண்ணிலிருந்து 0.2-க்குள் வந்தது. கண்ணால் அளக்கும் வேலையில் 0.2 என்பது சண்டை போடக்கூடாத வித்தியாசம். ஒரே இரவில் பழகிய ஆட்களுக்குள்ளேயே அவ்வளவு வரும்.

கோவை நண்பர் 15x70 பைனாகுலரோடு ஒரு சனிக்கிழமை வந்து சேர்ந்தார். பக்கத்துக் கட்டில், அதே நட்சத்திரங்கள், நான் சொன்னதை விட 0.4 மங்கலாக வந்தது அவருக்கு. பெரிய கருவியில் வால்மீன் மங்கலாக அளக்கப்படுவது பழைய சங்கதி. 1973-ல் சார்லஸ் மோரிஸ் இதற்கு ஒரு திருத்தம் போட்டுக்கொடுத்தார்: லென்ஸ் கருவிகளுக்கு விட்டத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 0.066, கண்ணாடித் தொலைநோக்கிகளுக்கு 0.019, எல்லாவற்றையும் 6.8 செ.மீ. விட்டத்துக்கு மாற்றிக்கொள்வது. 5 செ.மீ.க்கும் 7 செ.மீ.க்கும் இதனால் 0.13 போகும். மீதியைக் கோமா அகலம் சொல்லிவிட்டது. அவர் நோட்டில் கோமா 12 வில்நிமிடம், என் நோட்டில் 18. உருப்பெருக்கம் கூடினால் ஓரம் இன்னும் மெலிந்து பரவி வானத்தோடு கரைந்துவிடுகிறது, கரைந்த பகுதியின் வெளிச்சம் கணக்கில் சேரவில்லை. அவர் கண்ணில் கோளாறு இல்லை, அவர் அளந்தது கொஞ்சம் சின்ன வால்மீனை.

இப்போது கேமரா. கேனான் 1100டி, செகண்ட் ஹேண்டில் வாங்கியது, 50 மி.மீ. லென்ஸ், சாதா ட்ரைபாட், வானத்தைத் துரத்தும் ட்ராக்கர் கிடையாது. இந்தக் கேமராவில் 50 மி.மீ. லென்ஸுக்கு ஒரு பிக்சல் ஏறக்குறைய 21 வில்நொடி வருகிறது. வானம் நொடிக்கு 15 வில்நொடி நகரும், அதனால் 4 நொடி எக்ஸ்போஷரில் நட்சத்திரம் மூன்று பிக்சல் அளவுக்கு இழுபடும், வெளிச்சம் அளக்க அது போதும். எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600, ஃபோகஸை ஒரு இம்மி கலைத்து வைத்தேன், இல்லாவிட்டால் பிரகாசமான நட்சத்திரங்கள் பிக்சலை நிரப்பி வழிந்துவிடும், வழிந்தது அளவுக்கு உதவாது. ரா ஃபைலாக முப்பது படம், ரிமோட் ஷட்டரை அழுத்திக்கொண்டே. ஜேபெக் எடுக்கவே எடுக்காதீர்கள், கேமரா அதில் வெளிச்சத்தை வளைத்து நெளித்துத்தான் எழுதுகிறது, இரண்டு மடங்கு வெளிச்சம் அதில் இரண்டு மடங்கு எண்ணாக இருக்காது.

கேமராவின் சொந்த இரைச்சலைக் கழிப்பதற்கு லென்ஸ் மூடியைப் போட்டு அதே எக்ஸ்போஷரில் கொஞ்சம் டார்க் படங்கள். ஃப்ளாட்டுக்குத்தான், அதாவது ஒரே சீரான வெளிச்சத்தை எடுத்து லென்ஸின் ஏற்ற இறக்கத்தைத் திருத்தும் படத்துக்குத்தான், வேட்டி. இந்த லென்ஸில் மூலைகள் நடுவை விட நன்றாக இருட்டு, வால்மீன் நடுவிலும் ஒப்பிடும் நட்சத்திரம் ஓரத்திலும் இருந்தால் அந்த இருட்டு அப்படியே மேக்னிட்யூட்டில் ஏறிவிடும். பெரியப்பாவின் துவைத்த எட்டு முழ வேட்டியை நாலாக மடித்து லென்ஸின் மேல் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, சூரியன் மறைந்து பத்து நிமிடத்தில் கேமராவை உச்சி வானத்துக்குத் திருப்பி எடுத்தேன். ஃபோகஸும் எஃப் எண்ணும் இரவு வைக்கப்போகும் அதே இடத்தில் இருக்க வேண்டும். அதனால் முந்தைய இரவே ஃபோகஸ் வளையத்தை இன்சுலேஷன் டேப் போட்டு ஒட்டிவிட்டேன். கரை படாமல் மடியுங்கள், பச்சைக் கரை உள்ளே வந்தால் படம் ஒரு பக்கம் சாயம் ஏறும்.

படங்களைச் சிரில் என்ற மென்பொருளில் போட்டு, பச்சை சேனலை மட்டும் பிரித்து, நட்சத்திரங்களை வைத்து அடுக்கினேன். அந்த நாளில் வால்மீன் மணிக்குச் சுமார் 8 வில்நிமிடம் நகர்ந்துகொண்டிருந்தது, இரண்டு மூன்று நிமிட அடுக்கில் அது ஏறக்குறைய ஒரு பிக்சல்தான், அதற்காகத் தனியாக வால்மீனைத் துரத்தி அடுக்க வேண்டியதில்லை. படத்தை அழகாகக் காட்டும் எந்தப் பொத்தானையும் தொடக்கூடாது. அப்படியே ஆஸ்ட்ரோஇமேஜ்ஜே மென்பொருளுக்குக் கொண்டுபோய், நட்சத்திரங்களைச் சுற்றி ஒரு வட்டம், வால்மீனைச் சுற்றி ஒரு வட்டம், உள்ளே உள்ள எண்களைக் கூட்டி, வெளியே வானத்தின் சராசரியைக் கழித்து, இரண்டையும் வகுத்துப் பார்க்க வேண்டியதுதான்.

இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி. எவ்வளவு பெரிய வட்டம்? நட்சத்திரத்துக்கு இந்தக் கேள்வியே இல்லை, ஒரு அளவுக்கு மேல் பெரிதாக்கினால் எண் அசையாது. வால்மீனுக்கு ஆரம் 2.5 வில்நிமிடம் வைத்தால் 7.2 வந்தது. 5 வைத்தால் 6.5. 10 வைத்தால் 5.9. 15 வைத்தால் 5.8, அதற்கு மேல் வானத்தின் இரைச்சல் எண்ணை ஆட்டுகிறது. இதற்குப் பின்னால் எளிமையான ஒரு காரணம் இருக்கிறது: உட்கருவிலிருந்து பொருள் ஒரே சீராக எல்லாத் திசையிலும் வெளியேறினால், மையத்திலிருந்து தள்ளிப்போகப் போகக் கோமாவின் பிரகாசம் தூரத்துக்கு நேர்மாறாகக் குறையும், ஆகவே வட்டத்தின் ஆரத்தை இரண்டு மடங்காக்கினால் உள்ளே அகப்படும் வெளிச்சமும் இரண்டு மடங்கு, மேக்னிட்யூட்டில் 0.75. என் எண்கள் 10 வில்நிமிடம் வரை கிட்டத்தட்ட அந்தப் படியில்தான் இறங்குகின்றன, அதற்கு வெளியே வாயு மூலக்கூறுகள் சூரிய ஒளியில் உடைந்து தீர்ந்துபோவதால் வேகம் குறைகிறது. நண்பருக்கு 8 வந்த ரகசியமும் இதுதான். அவர் மென்பொருளில் நட்சத்திரத்துக்கு வைத்த அதே குட்டி வட்டத்தை வால்மீனின் நடுவிலும் வைத்திருந்தார். கருவைச் சுற்றிய பகுதியை மட்டும் அளந்த எண் அது, அதற்கும் ஒரு பயன் உண்டு, ஆனால் அதைக் கண்ணால் அளந்த மொத்த வெளிச்சத்துக்குப் பக்கத்தில் வைத்து யார் சரி என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. வட்டத்தின் அளவை எழுதாத வால்மீன் மேக்னிட்யூட்டை நான் இப்போதெல்லாம் படிப்பதுகூட இல்லை.

பெரிய வட்டம் வைத்தால் உள்ளே பின்னணி நட்சத்திரங்களும் மாட்டும். ஒரு 9 மேக்னிட்யூட் நட்சத்திரம் உள்ளே இருந்தால் 5.7 வால்மீனின் வெளிச்சத்தில் 5 சதவீதம் கூடிவிடும், அது மாதிரி நாலைந்து இருந்தால் கணக்கே வேறு. இதற்கு நான் செய்தது: இரண்டு நாள் கழித்து, வால்மீன் அங்கிருந்து போன பிறகு, அதே இடத்தை அதே செட்டிங்கில் படமெடுத்து, அதே வட்டத்தை வெறும் வானத்தின் மேல் வைத்து, கிடைத்த எண்ணைக் கழித்துவிட்டேன். மென்பொருளில் நட்சத்திரத்தைத் துடைத்தெடுக்கும் வசதிகளை விட இது சுத்தம், ஒரே ஒரு மெனக்கெடல் இன்னொரு இரவு கேமராவைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதுதான்.

ஆக கண்ணுக்கு 5.7, கேமராவுக்குப் பெரிய வட்டத்தில் 5.8. இவ்வளவு ஒத்துப்போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மாறுபட்டால் எந்தப் பக்கம் மாறுபடும் என்பதும் தெரிந்த விஷயம்தான்: இந்த வால்மீனின் பச்சை இரண்டு கார்பன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறின் வெளிச்சம், அதில் பெரும்பகுதி 516 நானோமீட்டரை ஒட்டியும் 474-ஐ ஒட்டியும் வருகிறது. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு மிகக் கூர்மையான இடம் 507. ஆனால் அட்டவணையில் உள்ள நட்சத்திர எண்கள் 550-ஐ மையமாக வைத்து அளந்தவை. வாயு நிறைந்த வால்மீன் கண்ணுக்குக் கொஞ்சம் கூடுதல் சலுகை பெறுகிறது.

இரவுக்கு இரவு எண்ணை ஒப்பிடத் தொடங்கினால் இன்னொரு விஷயம் வந்து நிற்கும். பிப்ரவரி 20 வாக்கில் எனக்கு 7 வந்தது, மாத ஆரம்பத்தில் பார்த்தவர்கள் 5-க்குக் கீழேயே போட்டிருந்தார்கள். வால்மீன் செத்துப்போய்விட்டதா என்றால் இல்லை. பூமியிலிருந்து தூரம் 0.28-லிருந்து 0.7 அலகை ஒட்டிப் போய்விட்டது, அந்த விலகல் மட்டுமே 2 மேக்னிட்யூட்டைத் தின்றுவிடும். அதனால் வால்மீன்களை ஒன்றோடொன்று ஒப்பிடுகிறவர்கள் இரண்டு கழித்தல்கள் செய்துகொள்கிறார்கள்: பூமியிலிருந்து உள்ள தூரத்தின் லாகரிதத்தை 5-ஆல் பெருக்கி ஒன்று, சூரியனிலிருந்து உள்ள தூரத்தின் லாகரிதத்தைப் பெரும்பாலும் 10-ஆல் பெருக்கி இன்னொன்று. மிஞ்சுவது அந்த வால்மீன் பூமிக்கும் சூரியனுக்கும் ஒவ்வொரு அலகு தூரத்தில் இருந்தால் எவ்வளவு இருக்கும் என்கிற எண். என் நோட்டில் உள்ள இரவுகளைப் போட்டுப் பார்த்தால் 6.8-ஐ ஒட்டி நிற்கிறது. அதாவது இது சாதாரணமான ஒரு வால்மீன், பக்கத்தில் வந்ததால் பெயர் வாங்கியது.

2024 அக்டோபரில் வந்த சூச்சின்ஷான் அட்லஸ் வேறு ரகம். செப்டம்பர் 27-ல் சூரியனிலிருந்து 0.39 அலகில் சுற்றி வந்தது, தூசி நிறைந்தது. அக்டோபர் 9 வாக்கில் அது பூமிக்கும் சூரியனுக்கும் ஏறக்குறைய நடுவில் வந்தபோது தூசி சூரிய ஒளியை நம் பக்கம் முன்னோக்கிச் சிதறடித்து, சூரியனைக் கண்காணிக்கும் சோஹோ விண்கலத்தின் கேமராவில் வெள்ளிக் கிரகத்தோடு போட்டி போடும் அளவுக்குப் போனது. அந்த நாட்களின் எண்ணை மேலே சொன்ன சூத்திரத்தில் போட்டால் குப்பைதான் வரும், தூரத்துக்கும் அந்தப் பிரகாசத்துக்கும் சம்பந்தம் குறைவு. நமக்கு மாலை வானத்தில் தெரிய ஆரம்பித்த நேரம் பார்த்து வடகிழக்குப் பருவமழை. மேகம் விட்ட இடைவெளியில் 20 பாகை உயரத்தில் பிடித்தேன், ஒப்பிட ஏற்ற நட்சத்திரம் 30 பாகையில். அந்த உயரத்தில் வால்மீனின் வெளிச்சம் நேர் உச்சியை விட 2.9 மடங்கு காற்றைத் தாண்டி வருகிறது, நட்சத்திரத்தின் வெளிச்சம் 2 மடங்கு. ஒரு மடங்குக்கு 0.3 மேக்னிட்யூட் என்று வைத்தாலே கால் மேக்னிட்யூட் வித்தியாசம். அதைத் திருத்தாமல் கொடுத்தால் வால்மீன் சும்மா மங்கியதாகக் கணக்காகும். முடிந்தவரை அதே உயரத்தில் இருக்கும் நட்சத்திரத்தைத் தேடுங்கள், இல்லையென்றால் இரண்டின் உயரத்தையும் எழுதி வையுங்கள், கணக்கை வீட்டுக்கு வந்து போட்டுக்கொள்ளலாம்.

ஸ்லோவேனியாவின் சர்னி வர்ஹ் வானாய்வகம் நடத்தும், வால்மீன் அளவீடுகளைச் சேர்த்துவைக்கும் காப்ஸ் தரவுத்தளத்தில் யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கி எண்களை ஏற்றலாம். அவர்கள் கேட்பதே நல்ல ஒழுங்கு: தேதியும் நேரமும் உலக நேரத்தில் (நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழித்து), முறைக்கு ஒரு எழுத்து, சிட்ஜ்விக்குக்கு எஸ், மோரிஸுக்கு எம், பாப்ரோவ்னிகாஃபுக்கு பி, கருவி வகையும் விட்டமும், கோமா அகலம், நடுவில் எவ்வளவு அடர்த்தி என்பதற்கு 0 முதல் 9 வரை ஒரு எண், 0 என்றால் தட்டையான மங்கல், 9 என்றால் நட்சத்திரம் போன்ற புள்ளி. நான் இசட்டிஎஃப் வால்மீனுக்குப் பெரும்பாலும் 5 போட்டேன். பிறர் எண்களை என்னுடையதை ஏற்றிய பிறகுதான் திறந்து பார்ப்பேன்.

2023 பிப்ரவரிக் கடைசியில் 10x50-க்கு அந்த வால்மீன் எட்டாமல் போகத் தொடங்கியதும் 6 அங்குல டாப்சோனியனுக்கு, அதாவது கண்ணாடித் தொலைநோக்கிக்கு, மாறினேன். மாறும்போது ஒரு விஷயம்: பைனாகுலரில் இன்னும் தெரிகிற காலத்திலேயே சில இரவுகள் இரண்டிலும் அளந்துவிடுங்கள். எனக்குத் தொலைநோக்கியில் 0.4 மங்கலாக வந்தது, மோரிஸின் திருத்தப்படி 0.3-ஐ ஒட்டி வர வேண்டும், பரவாயில்லை. அந்த ஒப்பீடு கையில் இல்லையென்றால் கருவி மாறிய நாளில் வரைபடத்தில் ஒரு பள்ளம் விழும், பிறகு யாராவது அதைப் பார்த்து வால்மீன் உடைந்துவிட்டது என்று வாட்ஸப்பில் கிளப்பிவிடுவார்கள். இப்போது டாப்சோனியனில் மிகக் குறைந்த உருப்பெருக்கம் தரும் 32 மி.மீ. கண்ணருகு லென்ஸை மட்டும்தான் இதற்குப் பயன்படுத்துகிறேன், அதையும் நோட்டில் எழுதிவிடுகிறேன்.